சுடலைமுத்து சொன்ன பேச்சை மீறவில்லை

சுடலைமுத்துவைக் கொன்றவன் நான்.

கத்தி எடுக்கவில்லை. கை ஓங்கவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னேன், அவ்வளவுதான்! அதை நம்பி அவன் செத்தான். செத்தவன் தலையிலேயே பழியையும் தூக்கி வைத்தேன். பதினான்கு ஆண்டுகளாகப் பழி அவனுக்கு, மரியாதை எனக்கு.

நீங்கள் தென்காசிக்கு வந்து, ரைட்டர் அண்ணாச்சி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். யாராக இருந்தாலும் கையைக் காட்டுவார்கள். ஏடனில் வெள்ளைக்காரப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர், இங்கிலீஷில் புலி, தங்கமான மனுஷன் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். தங்கமாம்!

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால்தான். அந்தக் கோழைத்தனத்தையும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதிலும் இங்கிலீஷில் தேறியதில்லை. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். சீசனுக்கு வரும் பெரிய மனிதர்களிடம் 'ரூம் ரெடி சார்', 'தேங்க்யூ சார்', 'கம் அகெய்ன் சார்' என்று சொல்லப் பழகியிருந்தேன். இந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டுதான் நான் கடல் தாண்டினேன். சிரிக்காதீர்கள்.

செங்கோட்டைக்காரர் ஒருவர் பம்பாயில் ஒரு கண்டிராக்டரிடம் இருந்தார். ஏடனில் பட்டாளத்துக்குக் குடியிருப்புகள் கட்டும் வேலைக்குப் பன்னிரண்டு ஆள் வேண்டும் என்று ஊருக்கு வந்தார். அந்தப் பன்னிரண்டில் ஒருவன் இங்கிலீஷ் தெரிந்தவனாக இருக்க வேண்டும். அவன் மண் சுமக்க வேண்டாம்; துரைமார் சொல்வதை ஆட்களுக்குத் தமிழில் சொன்னால் போதும். "தெரியுமாய்யா?" என்றார். "தெரியும்" என்றேன். தெரியும் என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

சுடலைமுத்துவை நான்தான் கூட்டிப் போனேன். அவன் மனைவி உலகம்மாள் எனக்குத் தங்கை முறை. அதனால் அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். குற்றாலத்து அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது அவன் தொழில். அவன் கைக்காகவே வருஷா வருஷம் தேடி வருகிறவர்கள் உண்டு. அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் கேட்டுத்தான் செய்வான். "தலையத் தொடட்டுமா அண்ணாச்சி?" "இன்னும் கொஞ்சம் அழுத்தட்டுமா?" இது தொழிலோடு வந்த பழக்கமா, பிறவிக் குணமா, தெரியாது. வீட்டிலும் அப்படித்தான். எட்டு வயது மகள் குழல்வாய்மொழியிடம்கூட, "குழலி, ஒன் முறுக்குல ஒண்ணு எடுத்துக்கிடட்டாட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பான்.

சீசன் மூன்று மாதம். மிச்ச ஒன்பது மாதம் கை சும்மா கிடக்கும். அதனால் வருகிறேன் என்றான். உலகம்மாளுக்கு மனமில்லை. புறப்படுகிற அன்று தென்காசி ஸ்டேஷனில் என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்.

"அண்ணாச்சி, நீங்க கூட இருக்கீயன்னுதான் அனுப்புதேன். அவுகளுக்கு எழுத்து வாசனையே கெடையாது. நீங்கதான் எடுத்துச் சொல்லிப் பாத்துக்கிடணும்."

"நான் எதுக்கு இருக்கேன்? நீ கவலப்படாத தாயி" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

பம்பாயிலிருந்து கப்பல். ஏடனில் இறங்கினோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுத்த மொட்டைப் பாறை! புல் இல்லை, பூண்டு இல்லை, நிழலுக்கு ஒரு மரமில்லை. மூச்சு விட்டால் மூக்கு சுட்டது. முதல் நாள் எங்களை லாரியில் ஏற்றிப் பட்டாளத் தளத்துக்குள் கொண்டுபோய், பலகையில் நம்பர் எழுதி நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பத்து விரலிலும் மை தடவி ரேகை எடுத்தார்கள். "மச்சான், களவாணிப் பயலுகளத்தான இப்பிடிச் செய்வாக?" என்று சுடலைமுத்து என் காதில் கேட்டான். "சும்மா இரு, இங்கன இதுதான் முறை" என்று அதட்டினேன். எனக்கு என்ன முறை தெரியும்? அவனைப்போல நானும் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

இரண்டாம் நாள் காலை ஒரு தகரக் கொட்டகையில் எங்களை உட்காரவைத்தார்கள். முகம் சிவந்த ஒரு சார்ஜண்ட் வந்தான். தளத்தில் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, எதைத் தொடக் கூடாது என்று புதிதாக வந்த கூலிகளுக்குச் சொல்ல வேண்டியது அவன் வேலை. அதைத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. அவன் கொஞ்சம் பேசுவான், என்னைப் பார்ப்பான், நான் தமிழில் சொல்ல வேண்டும்.

அவன் பேசினான். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை! லாட்ஜில் கேட்ட இங்கிலீஷ் வேறு, இவன் வாய்க்குள் மென்று துப்பிய இங்கிலீஷ் வேறு. இடையிடையே 'வாட்டர்', 'நோ', 'ஸ்மோக்' என்று நாலு சொல் காதில் விழுந்தது. பதினொரு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது எழுந்து நின்று, "ஐயா, எனக்கு இது புரியவில்லை" என்று சொல்லியிருக்கலாம். என்ன ஆகியிருக்கும்? திட்டியிருப்பார்கள். மண் சுமக்க அனுப்பியிருப்பார்கள். மிஞ்சிப்போனால் அடுத்த கப்பலில் ஏற்றியிருப்பார்கள். சுடலைமுத்து உயிரோடு இருந்திருப்பான்... ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா?

நானாகவே பேசினேன்! "காலையில ஏழு மணிக்கு வரிசையில நிக்கணுமாம். பீடி குடிக்கக் கூடாதாம். துரைமார் வந்தா எந்திரிச்சி நிக்கணுமாம். தண்ணிய வீணாக்கக் கூடாதாம்." அவன் நீளமாகப் பேசினால் நானும் நீளமாகப் பேசினேன். அவன் விரலை ஆட்டினால் நானும் ஆட்டினேன். அளவு சரியாக இருக்க வேண்டுமே! சார்ஜண்டுக்குத் திருப்தி. முடிவில் ஒரு காகிதத்தை நீட்டினான். அதில் கையெழுத்துப் போட்டேன். விதிகளை ஆட்களின் மொழியில் விளக்கிச் சொன்னேன், அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வெளியே வந்ததும் சுடலைமுத்து மற்றவர்களிடம் பீற்றிக்கொண்டான். "பாத்தீயளாய்யா எங்க மச்சான? வெள்ளக்காரன் வாய மூட முன்னால இவுக சொல்லுதாக!" அவன் முகத்தில் எவ்வளவு பெருமை... எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

தண்ணீர்தான் அங்கே பெரும்பாடு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி. அதில்தான் குளியல், துவைப்பு எல்லாம். குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு வாளித் தண்ணீர்! அது ஆனி மாதம். "இந்நேரம் ஊர்ல சாரல் விழுந்திருக்கும்லா மச்சான்?" என்று தினமும் கேட்பான். தலையில் மண்ணும் சுண்ணாம்புமாக நின்றுகொண்டு கேட்பான்.

ஆறாம் நாள் எங்களை மின்சார நிலையத்தின் பின்புறம் கல் அடுக்க அனுப்பினார்கள். அங்கே சுவரில் இரண்டாள் உயரத்தில் ஒரு பெரிய குழாய். அதிலிருந்து தண்ணீர் தடதடவென்று கொட்டி, கீழே ஒரு கால்வாய் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இயந்திரத்தைக் குளிரவைத்துவிட்டு வெளியே வருகிற கடல்நீர். அரபிக்காரர்களும் சோமாலியரும் அதைத் திரும்பியும் பாராமல் நடந்தார்கள். அவர்களுக்கு அது சாக்கடை. நாங்கள் பன்னிரண்டு பேர் மட்டும் நின்றுவிட்டோம். மேலேயிருந்து தண்ணீர் விழுவதைக் கண்டால் அதன் கீழே தலையைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றுவது எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான். சுடலைமுத்து கூடையைக் கீழே போட்டான்.

"மச்சான்... அங்கன பாருங்க! அருவி!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை. மற்றவர்கள் துணி துவைத்துக்கொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தார்கள். நானும் அவனும் காலையிலேயே அங்கே போனோம். அவன் ஊரிலிருந்து ஒரு சீசா நல்லெண்ணெய் கொண்டுவந்திருந்தான். அதை என் தலையில் வைத்து, நெற்றியும் பிடரியும் தோளும் சுகமாகத் தேய்த்துவிட்டான். பிறகு தனக்கும் தேய்த்துக்கொண்டான். குழாயின் பக்கத்தில் சுவரில் ஒரு பலகை இருந்தது. சிவப்பு எழுத்து. இங்கிலீஷிலும் அரபியிலும்.

அவன் உடனே தண்ணீரில் இறங்கவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவன் இறங்கவில்லை! பலகையைக் காட்டி என்னிடம் கேட்டான்.

"மச்சான், அந்தச் செவப்புப் போர்டுல என்னமோ எழுதியிருக்கே. என்ன போட்டிருக்கு? குளிக்கலாமா?"

நான் பார்த்தேன். எழுத்துக்கூட்டி 'வாட்டர்' என்ற ஒரு சொல்லைக் கண்டுபிடித்தேன். மற்றவை பூச்சியும் புழுவுமாக இருந்தன. தெரியவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. அங்கே எங்கள் இருவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. யார் முன்னால் எனக்கு வெட்கம்? என் மாப்பிள்ளை முன்னால்! என்னை மலைபோல நம்பிய அந்த ஒருவன் முன்னால்தான் வெட்கம்.

"கடல் தண்ணி, குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"குடிக்காட்டா போவுது. குளிக்கலாம்லா?"

"குளி மாப்ளே, யாரு வேண்டாங்கா?"

அவன் போய் நின்றான். இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, தலையைக் கொடுத்து நின்றான். ஒரு ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஐந்து நிமிஷம் அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன்! "உப்புத் தண்ணின்னாலும் அருவி அருவிதான் மச்சான்!" என்று கத்தினான். நான் தலையில் எண்ணெயோடு, எப்போது என் முறை வரும் என்று கரையில் உட்கார்ந்திருந்தேன்.

சுவருக்குள் என்னவோ உறுமியது. தண்ணீரோடு புகை வந்தது. அது கொதிகலனிலிருந்து திறந்துவிட்ட கொதிநீர். நான் எழுந்து ஓடுவதற்குள்... வேண்டாம். அவன் அலறிய அலறலை எழுத எனக்குக் கை வரவில்லை.

தளத்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். வாயும் ஒரு கண்ணும் தவிர மற்றதெல்லாம் கட்டு. இரண்டாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்!

"மச்சான்... மிஷின்ல என்னமோ கோளாறு போலிருக்கு... நல்லவேள, நீங்க எறங்கல" என்றான். பிறகு, "ஊருக்கு எழுதிராதீய. உலகு பயந்துருவா" என்றான்.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் தவறாகச் சொல்லியிருப்பேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. "மாப்ளே, எனக்கு அத வாசிக்கத் தெரியாது" என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. மறுநாள் விடியும்போது அவன் போய்விட்டான். ஏடனிலேயே எரித்தோம்.

விசாரணை நடந்தது. ஒரு அதிகாரி, நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாகக் கேட்டார். ஐயோ, அந்த ஒரு நாளைக்குப் பார்த்து எனக்கு இங்கிலீஷ் புரிந்தது! விதியை விளக்கினாயா? "எஸ் சார்." அவனுக்குப் புரிந்ததா? "எஸ் சார்." பிறகு ஏன் அங்கே போய் நின்றான்?

நான் சொன்னேன். "ஹி நோ லிசன், சார்."

அவன் சொல் பேச்சு கேட்கவில்லை! லாட்ஜில் கற்ற மூன்று வாக்கியங்களுக்குப் பிறகு நானாக உண்டாக்கிப் பேசிய முதல் இங்கிலீஷ் வாக்கியம் அதுதான். அதிகாரி அதை எழுதிக்கொண்டு கோப்பை மூடினார். மற்ற பத்துப் பேரிடமும், "அவன்ட்ட தனியா அத்தன தடவ சொன்னேன், கேக்கலியே" என்றேன். அவர்களும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தானே.

விசாரணையில் சொன்னது பயத்தில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உலகம்மாளுக்கு எழுதிய கடிதம்? அதை யாரும் என்னை எழுதச் சொல்லி மிரட்டவில்லை. 'எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் மாப்பிள்ளை பிடிவாதமாகப் போய் நின்றுவிட்டார்' என்று, நல்ல தமிழில், குண்டு குண்டான கையெழுத்தில் நானே எழுதினேன். இதற்கு என்ன சமாதானம் சொல்வேன்? சொல்லுங்கள்!

அதன்பிறகு ஒரு அகராதி வாங்கினேன். ஒரு மாதம் கழித்து அந்தச் சுவருக்குப் போய், சொல் சொல்லாகப் புரட்டிப் பார்த்தேன். எச்சரிக்கை. கொதிநீர் எந்நேரமும் திறந்துவிடப்படும். அருகில் நிற்காதே. நான் முழுசாக வாசித்த முதல் இங்கிலீஷ் இது. அந்த வெறியில் இரண்டு வருஷம் படித்தேன். இன்று ஊரில் யாருக்கு இங்கிலீஷில் தந்தி வந்தாலும் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள்.

திரும்பி வந்தபோது உலகம்மாள் ஐந்தருவிப் பக்கம் ஒரு தட்டுக்கடை போட்டிருந்தாள். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய்ச் சீசா, சீயக்காய்ப் பொட்டலம். அவள் அழுவாள் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அழவில்லை. செத்த புருஷன்மேல் கோபமாக இருந்தாள்!

"நீங்க அம்புட்டுச் சொல்லியும் கேக்காம போயி நின்னாகளே அண்ணாச்சி... நானும் எம்பிள்ளையும் இருக்கது அவுக நெனப்புல இல்லாம போச்சே!"

அந்தக் கோபம் குறையவே இல்லை. குழலி சாப்பிட மறுத்தால், பள்ளிக்குப் போக முரண்டு பிடித்தால், "அப்பன் புத்தி அப்படியே இருக்கு. சொன்ன பேச்சு கேக்காத சென்மம்!" என்று ஏசுவாள். நான் பக்கத்தில் இருக்கும்போதே ஏசுவாள். நான் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வாக்கியம் போதும், அவள் புருஷனை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க. ஒன்பது வருஷம் அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை.

குழலிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை பாவூர்சத்திரம், காய்கறிக் கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தகப்பன் இல்லை. உலகம்மாள் வெற்றிலைத் தட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நானும் என் மனைவியும்தான் மணையில் உட்கார வேண்டும் என்றாள். எப்படி மறுப்பது? என்ன காரணம் சொல்லி மறுப்பது? சரி என்றேன்.

மணவறையில் குழலியின் கையை மாப்பிள்ளையின் கைமேல் பிடித்துக்கொண்டு, என் மனைவி ஊற்றிய நீர் அதில் வழிய, நான் தாரை வார்த்தேன். ஓரமாக, தூண் பக்கம் நின்ற உலகம்மாள் எல்லோரும் கேட்கச் சொன்னாள். "எங்க அண்ணாச்சி சொன்னதக் கேட்டிருந்தா, இன்னைக்கு இந்த எடத்துல அவுகள்லா இருந்திருப்பாக!" பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை பெண்ணும் மாப்பிள்ளையும் பாவூர்சத்திரத்துக்குப் புறப்படும்போது, குழலி என் காலில் விழுந்து எழுந்தாள். பக்கத்தில் யாருமில்லை. மெல்லக் கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அப்பா அவ்வளவு பிடிவாதக்காரரா? எனக்கு நெனப்பு இருக்கது அப்படி இல்லியே. எம்முறுக்க எடுக்கக்கூட எங்கிட்ட கேட்டுட்டுத்தான எடுப்பாக?"

கடவுளே! இதைவிட ஒரு மனிதனுக்கு வேறு என்ன வழி திறந்துவிட முடியும்? அவளுக்கு உண்மை தெரிந்திருந்தது. எட்டு வயதில் பார்த்த தகப்பனை அவள் அப்படியே பத்திரமாக வைத்திருந்தாள். 'நீ நினைப்பதுதான் சரி' என்று நான் தலையை ஆட்டினால் போதும்.

"பிடிவாதந்தாம்மா" என்றேன். "நீ சின்னப் பிள்ள, ஒனக்கு எங்க தெரியும்."

"அப்பம் நாந்தான் தப்பா நெனச்சிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். புதுச் சேலையின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள்.

சுடலைமுத்துவை ஏடனில் ஒரு முறை கொன்றேன். ஊருக்குள் கடிதத்தால் ஒரு முறை. மிச்சம் அவன் உயிரோடு இருந்த ஒரே இடம் அந்தப் பெண்ணின் மனசு. அங்கேயும் தேடிப் போய்க் கொன்றுவிட்டேன்... அதுவும் தாரை வார்த்த அன்றைக்கே!

பாவூர்சத்திரத்துக்குத் தென்காசியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. மூன்று வருஷமாக, இன்று போய்ச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். பஸ் நிற்கும் இடம்வரை போய்த் திரும்பி வந்துவிடுகிறேன். இன்றைக்கும் அப்படித்தான் திரும்பி வந்து, உட்கார்ந்து, உங்களுக்கு இதை எழுதினேன்.